துளி விழுந்த இடமும் கசிவு பிறந்த இடமும்

சிறு குறை குற்றமாகுமா என்னும் வினாவை நம் உபாசகர் பலரும் அடிக்கடி எழுப்புகின்றனர். "யாம் கொலை செய்தோமில்லை, களவு செய்தோமில்லை, கள்ளும் அருந்தோம். ஏதோ சிறு சிறு குறைகள் எம்பால் உள்ளன. அவற்றையுமா தம்மம் கணக்கிற் கொள்ளும்?" என்று கேட்கின்றனர். இதற்கு நூல்களைக் கொண்டு விடை கூறிவிடலாம். எனினும் கண்ணாற் கண்டு கையால் தொட்டு அறியத்தக்க ஒரு பொருளைக் கொண்டு விடை காண்போமாயின் அது மனத்தில் நன்கு பதியும். அப்பொருள் மோட்டார் வண்டியின் அடியில் சொட்டும் ஒரு துளி எண்ணெயாகும்.

தம்மத்துக்கும் எண்ணெய்க் கசிவுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் நகைக்க வேண்டா. பாலி மொழியில் மனமாசுகளுக்கு வழங்கும் பெயர்களுள் ஆசவம் என்பது ஒன்று. ஒழுகுதல் என்பதே அச்சொல்லின் அடிப்பொருள். இன்ப நாட்டமும், பிறவி நாட்டமும், அறியாமையும் மனத்தினின்று இடையறாது ஒழுகுவன ஆதலின் அவற்றுக்கு அப்பெயர் வந்தது. ஆசவங்களை முற்றும் அறுத்தவரையே அரகந்தர் என்கிறோம். மஜ்ஜிம நிகாயத்தின் இரண்டாம் சூத்திரமாகிய சப்பாசவ சூத்திரம் அவற்றை நீக்கும் வழிகளை ஏழாக வகுக்கின்றது. அவ்வேழனுள் முதலில் நிற்பது காணுதல். அடக்குதலும் பொறுத்தலும் அதற்குப் பின்னரே வருகின்றன. அடைப்பதற்கு முன்னே காணவேண்டும் என்பதே கைதேர்ந்த மெக்கானிக்கின் விதியும் ஆகும்.

அன்பர் ஒருவரிடம் பழைய அம்பாசடர் வண்டி ஒன்று உண்டு. மேற்கு வங்கத்து உத்தரபாராவிலே செய்யப்பட்டு, 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன வண்டி வகை அது. நம் சங்கத்தார் வெளியூர்களுக்குத் தம்மவுரை நிகழ்த்தச் செல்லும்பொழுது அவ்வன்பர் மனமுவந்து அதனைத் தருவார். சில திங்களாகக் காலைதோறும் வண்டியின் கீழே ஒரு ரூபாய் நாணயமளவு கறை தோன்றலாயிற்று. அவர் மூன்று காரியங்கள் செய்தார். தரை அழுக்காகாதிருக்க ஓர் அட்டையை விரித்தார். குறைந்த எண்ணெயைக் கடையில் வாங்கி ஊற்றினார். வண்டியோட்டும் தம்பியை "உன் கவனக்குறைவே இது" என்று கடிந்துகொண்டார். இம்மூன்றும் செய்தபின் தம் கடமை முடிந்ததென்று அமைதியுற்றார்.

இம்மூன்றையும் ஊன்றி நோக்குமின். முதலாவது மறைத்தல். இரண்டாவது ஈடுசெய்தல். மூன்றாவது பழி சுமத்தல். மனிதர் தம் குறைகளோடு வாழ்வதற்குக் கண்டுபிடித்த வழிகள் பெரும்பாலும் இம்மூன்றில் அடங்கிவிடும். கசிவோ இம்மூன்றாலும் ஓர் இமைப்பொழுதும் நின்றதில்லை.

"பழைய வண்டியாயின் எண்ணெய் ஒழுகத்தானே செய்யும்" என்று சிலர் கூறுவர். இதில் ஒரு பகுதி உண்மை உண்டு. அதனை மறுத்தல் நேர்மையன்று. அவ்வகைப் பழைய எஞ்சினில் சுழல்தண்டின் பின்முனையிலே ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுபள்ளமே எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். ஆகவே அங்குச் சிறிது ஈரம் காணுதல் அதன் அமைப்பின் இயல்பு. இயல்பான ஈரத்தைக் குற்றமென்று அஞ்சி எஞ்சினைப் பிரிப்பவன் பொருளையும் காலத்தையும் இழப்பான். நம் உடலும் மனமும் அத்தகையனவே. களைப்பும், பசியும், ஒரு கணம் எழுந்து மறையும் சினமும் மனித இயல்பு. ஈரம் வேறு, சொட்டு வேறு. நாள்தோறும் வளர்ந்து வரும் கறையை "இயல்பு" என்று பெயரிட்டு அழைப்பதுதான் தவறு.

"என் எண்ணெய், என் பணம், என் தரை, பிறர்க்கு இதில் என்ன கேடு?" என்பாரும் உளர். வண்டி ஓரிடத்தில் நிற்பதன்று. வீதியில் விழுந்த எண்ணெய் அங்கேயே படிந்திருக்கும். முதல் மழைத்துளி வீழ்ந்தவுடன் நீரின்மேல் எழுந்து படலமாகும். அதன்மேல் இருசக்கர வண்டியில் வருபவர் வழுக்கி வீழ்வார். அவர் யாரென்று நாம் அறியோம். அவரும் நம்மை அறியார். இனி, சூடேறிய புகைக்குழாயின்மேல் எண்ணெய் பட்டால் புகையும். தீப்பற்றும் அச்சமும் உண்டு. எண்ணெய் அளவு குறைவதை அறிவிக்கும் என்று நம்பப்படும் சிவப்பு விளக்கோ, அளவு குறையும்பொழுது எரிவதில்லை. எண்ணெயின் அழுத்தம் வீழ்ந்த பின்னரே எரியும். அவ்வேளையில் எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் உராயத் தொடங்கியிருக்கும். எச்சரிக்கை வரட்டும், பிறகு பார்ப்போம் என்றிருப்பவனுக்கு எச்சரிக்கையும் கேடும் ஒருங்கே வந்து சேர்கின்றன.

இங்கேதான் நம் வினாவின் நடுப்பகுதிக்கு வருகிறோம். பகவன் புத்தரின் தம்மத்தில் கம்மத்துக்கு வேர் சேதனை, அஃதாவது மனத்தின் எண்ணம். அறியாமல் மிதித்த எறும்பின் பொருட்டு ஒருவனைக் கொலைஞன் என்று தம்மம் கூறாது. அங்ஙனமாயின், வண்டிக்குடையவன் அறியாமல் ஒழுகிய எண்ணெயும் அவன் குற்றமன்று. ஆனால் ஒரு காலையிலே கறையைக் கண்டான். கண்டபின் அட்டையை விரித்தான். அட்டையை விரித்த கை அறிந்து விரித்த கையன்றோ? அறியாத காலத்தில் அது வண்டியின் கசிவு. அறிந்து விட்டுவைத்த நாள்முதல் அது அவன் செயல். துளியின் அளவு மாறவில்லை; அவன் அறிவு மாறிற்று. ஆதலின் குறை சிறிதா பெரிதா என்பதன்று கேட்கத்தக்க வினா. அதை நான் அறிவேனா, அறிந்து என்ன செய்தேன் என்பதே கேட்கத்தக்கது. அப்பமாதம் என்று தம்மம் போற்றும் விழிப்புடைமை இதுவேயாகும்.

இனி, கண்டுபிடிக்கும் முறையைக் கூறுவேன். முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இரவில் அடியிலே வெள்ளைத்தாள் விரித்துக் காலையில் பார்க்க வேண்டும். கரும்பழுப்பாயின் எஞ்சின் ஆயில். கெட்டியாய்க் கந்தகம் போன்ற நாற்றமுடையதாயின் கியர் ஆயில். மெல்லியதாய்ச் சக்கரத்தின் அருகே காணின் பிரேக் ஆயில் என்று ஐயுற வேண்டும். அவ்வாறாயின் பழுதுபார்க்கும்வரை வண்டியை நகர்த்தவே கூடாது. எல்லாக் கசிவும் ஒரே தன்மையன அல்ல என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

அடுத்துச் செய்யவேண்டுவது துடைத்தல். அழுக்கும் பழைய எண்ணெயும் அப்பிய எஞ்சினில் புதிய கசிவைக் காண எவராலும் இயலாது. எஞ்சின் ஆறியபின், நெருப்பில்லா இடத்தில், மண்ணெண்ணெயும் காட்டன் வேஸ்ட்டும் கொண்டு மேலிருந்து கீழாகத் துடைத்து உலரவிட வேண்டும். ஐயமுள்ள இடங்களில் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவலாம். பின்னர்ச் சிறிது நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி நோக்கினால், பவுடர்மேல் ஈரக்கோடு ஒன்று தோன்றும். அக்கோட்டைப் பற்றிக்கொண்டு மேல்நோக்கிச் செல்ல வேண்டும். கீழே விளக்குப் பிடித்துத் தேடுவோர் பலர். மேலே தேடுவோரே காண்பர்.

அவ்வன்பரின் வண்டியில் துளி விழுந்தது எஞ்சினின் பின்புறத்துக் கீழே, கியர்ப்பெட்டி சேரும் இடத்தில். "கியர்ப்பெட்டியை இறக்க வேண்டும்" என்று பட்டறையார் ஒருவர் பெருந்தொகை கூறிவிட்டார். துடைத்துப் பார்த்தபொழுது கசிவு பிறந்தது எஞ்சினின் தலைமேல் உள்ள டேப்பட் கவரின் பின்மூலையில் என்று தெரிந்தது. அங்குப் பிறந்த எண்ணெய் பின்புறமாக வழிந்து, முன்னிருந்து வீசும் காற்றால் தள்ளப்பட்டு, தாழ்ந்த இடத்தில் சேர்ந்து அங்கிருந்து சொட்டியிருக்கிறது. மூடிக்குக் கீழுள்ள கார்க்குப் பேக்கிங் இறுகி வெடித்திருந்தது. சிறு விலைப் பேக்கிங் ஒன்று, சுரண்டித் துடைக்க அரைமணி நேரம், இரண்டு நட்டுகள், வேலை முடிந்தது. வண்டியோட்டும் தம்பிக்கும் அக்கசிவுக்கும் எள்ளளவும் தொடர்பில்லை.

துளி எப்பொழுதும் தாழ்ந்த இடத்திலேயே விழும். கசிவு பிறப்பதோ மேலே. நூற்பாலையில் உழைத்தவர் இதனை நன்கறிவர். துணியில் எண்ணெய்க்கறை காணப்பட்டால் கூலிகுறைப்பு கடைசியாகத் தொட்ட தொழிலாளிக்கே வரும். தேய்ந்துபோன பேரிங்கை மாற்ற மறுத்தவர் பெயர் எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. பிறப்பினால் தாழ்ந்தோர் என்று பழிக்கப்பட்ட நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக இச்சமுதாயமாகிய எஞ்சினின் அடியில் நின்றவர்கள். மேலே பிறந்த கசிவெல்லாம் தம்மேல் சொட்ட, அழுக்குடையோர் என்ற பெயரும் தமக்கே வரப்பெற்றவர்கள். ஆகவே துளி விழுந்த இடத்தைப் பழித்தல் அநீதி என்பதை உலகில் வேறெவரையும்விட நாம் அறிதல் வேண்டும்.

ஆனால் நம் இல்லங்களில் நடப்பது யாது? 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் 22 உறுதிமொழிகளை அளித்தார். அவற்றை நாமும் வாயாற் சொல்லியிருக்கிறோம். திருமணம் திரிசரணமும் பஞ்சசீலமும் கூறியே நடக்கின்றது. அதற்கு ஒரு திங்கள் முன்பு, தாழ்ந்த குரலில், "பெண் வீட்டார் நம்மில் எந்தப் பிரிவு?" என்று ஒருவர் கேட்கின்றார். "சாதகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோமே" என்று மற்றொருவர் கூறுகின்றார். இஃது ஒரு துளிதான். ஆனால் ஈராண்டு கழித்து அது எங்கே சொட்டுகின்றது? அடுக்களையில் நிற்கும் மருமகளின் கண்ணீராய்ச் சொட்டுகின்றது. அப்பொழுது ஊரார் கிழவியாகிய மாமியாரைப் பழிக்கின்றனர், அல்லது அம்மருமகளையே பழிக்கின்றனர். முன்வரிசையில் அமர்ந்து அவ்வினாவைக் கேட்ட பெரியவரின் வெள்ளைச் சட்டையில் ஒரு கறையும் இல்லை. ஈரக்கோட்டைப் பற்றி மேலே சென்று பார்ப்பார் இல்லை.

கண்டபின் அடைப்பதிலும் ஓர் அளவு உண்டு. கசிகிறதென்று நட்டை வலுவெல்லாம் கூட்டி முறுக்குபவன், தகட்டு மூடியை வளைத்துக் கார்க்கைப் பிதுக்கிவிடுகிறான். முன்னினும் மிகுதியாய் ஒழுகும். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, சமமாய், போதுமளவே முறுக்க வேண்டும். சோணருக்குப் பகவன் கூறிய யாழ்நரம்பின் உவமை ஸ்பானருக்கும் பொருந்தும். சபை நடுவே ஒருவரை நிறுத்தி அவமதிக்கும் சீர்திருத்தக்காரர் முறுக்கி உடைப்பவர். அவமானமுற்றவர் குறையை விடுவதில்லை, மறைக்கக் கற்றுக்கொள்கிறார்.

மற்றுமொரு நுட்பம் உண்டு. எஞ்சினுக்குள் எழும் ஆவி வெளியேறுவதற்குப் பிரீதர் என்னும் மூச்சுவழி அமைந்துள்ளது. அஃது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல்களின் வழியாகவும் எண்ணெயைப் பிதுக்கும். அந்நிலையில் சீலுக்குமேல் சீல் மாற்றினும் பயனில்லை. பிக்கு சங்கத்தில் மழைக்கால முடிவிலே பவாரணை என்றொரு முறை வகுக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தம்பால் கண்ட, கேட்ட, ஐயுற்ற குறையை எடுத்துரைக்குமாறு மற்றவரைத் தாமே வேண்டிக்கொள்வர். மூத்தோரும் அதற்கு விலக்கல்லர். அதுவே சங்கத்தின் மூச்சுவழி. நம் சபைகளில் இளைஞரும் பெண்டிரும் பெரியோரை நோக்கி, "ஐயா, அன்று தாங்கள் பிரிவு கேட்டது தம்மமன்று" என்று அச்சமின்றிக் கூற வழியுண்டா? இல்லையெனின், நாம் எத்தனை உறுதிமொழிகளைப் புதுப்பித்தாலும் அவை அடைபட்ட எஞ்சினுக்கு மாற்றிய புதுச் சீல்களே.

ஆகவே சிறு குறை குற்றமாகுமா என்று கேட்ட அன்பர்களுக்கு விடை இது. அறியாத குறை குற்றமன்று. தேடாமல் அறியாதிருத்தல் சோம்பல். அறிந்து அட்டை விரித்தல் குற்றம். எண்ணெய் ஊற்றுதல் போன்றதே நாம் செய்யும் தானமும் விழாவும். ஊற்றாவிடின் எஞ்சின் கெடும், ஆயின் ஊற்றியதனால் கசிவு நில்லாது.

வருகின்ற பௌர்ணமி உபோசத நாளிலே ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாழிகை கூடி அமர்க. பிறர் குறையைப் பேசற்க. நம் வீட்டில் யார் கண்ணீர் சொட்டுகின்றது என்று முதலில் பார்க்க. பின்னர் அக்கோட்டைப் பற்றி, கீழே நிற்பவரை விட்டு, மேலே மேலே செல்க. அது தம்மிடமே வந்து நிற்குமாயின் பெரியோர் சினங்கொள்ளாது ஸ்பானரைக் கையில் எடுப்பாராக. சரிசெய்தபின் இரண்டு காலைகள் வெள்ளைத்தாள் விரித்துப் பார்க்கவும் மறவற்க.