கொல்லைப்புறத்துக் கணக்கு

விருந்தோம்பலைப் போற்றுவதில் தமிழன் யாருக்கும் சளைத்தவன் அல்ல. திருவள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி வைத்தார். இன்றைக்கும் பண்டிகை வந்தால் எத்தனை படி அரிசி, எத்தனை இலை, எத்தனை பாய், காலைக் காபிக்கு எத்தனை லிட்டர் பால் என்று வீட்டுக்காரர்கள் விரல் மடக்கிக் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் உண்டவர்கள் உண்ட பிறகு நடப்பதைப் பற்றி யாரும் கணக்கு எழுதுவதில்லை. அந்தக் கணக்கு கொல்லைப்புறத்தில், சிமெண்டுப் பலகைக்கு அடியில், தானே ஏறிக்கொண்டிருக்கிறது.

செப்டிக் டாங்க் பற்றியா ஒரு கதைக்காரன் எழுதுவது என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். அந்த முகச் சுளிப்பைப் பற்றித்தான் நான் எழுத வந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து ஊர்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து தெற்கே வரும் சாலை, திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் கிளை விடுகிறது. விழுப்புரத்தில் ரயில் பாதைகள் விருத்தாசலத்துக்கும் மயிலாடுதுறைக்கும் காட்பாடிக்கும் புதுச்சேரிக்குமாகப் பிரிகின்றன. பொங்கலுக்கு முந்திய இரண்டு நாட்களில் இந்த இரு ஊர்களிலும் வந்து இறங்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். நான்கு பேர் இருந்த வீட்டில் பதினான்கு பேர் ஆகிறார்கள். குழந்தைகளின் கூச்சலில் வீடே புதிதாகிவிடுகிறது. அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு எதுவும் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கொல்லையில் இருக்கும் தொட்டிக்குப் பண்டிகை தெரியாது. அது செய்கிற வேலை மிகவும் பொறுமையான வேலை. உள்ளே வரும் கழிவில் கனமானது அடியில் வண்டலாகத் தங்கும். எண்ணெயும் நுரையும் மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் தெளிந்த நீர் மட்டும் அடுத்த குழிக்குப் போய் மண்ணில் ஊறும். காற்றில்லாத இருட்டில் வாழும் நுண்ணுயிர்கள் வண்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று குறைக்கும். இவ்வளவுக்கும் அந்தத் தொட்டி நம்மிடம் கேட்பது அவகாசம் ஒன்றைத்தான். ஒரு நாளாவது தண்ணீர் உள்ளே அசையாமல் நிற்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். தொட்டி 2,000 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 100 லிட்டர் என்றால் நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 400 லிட்டர். தண்ணீருக்கு ஐந்து நாள் ஓய்வு கிடைக்கிறது. பதினான்கு பேர் என்றால் 1,400 லிட்டர். ஒன்றரை நாள்கூட இல்லை. வருஷக் கணக்கில் வண்டலை எடுக்காமல் பாதித் தொட்டி அடைத்துக் கிடந்தால் ஒரு நாளும் இல்லை. போகிப் பண்டிகையின் காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிக்கிறார்கள். அந்த வெள்ளம் வண்டலைக் கலக்கி அடுத்த குழிக்குத் தள்ளிவிடும். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் முடிந்திருக்கும். மண் ஈரம் காயாமல் இருக்கும். ஒரு முறை வண்டல் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிட்டால், விருந்தினர் ஊருக்குப் போன பிறகும் அந்தக் குழி பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

பரிகாரம் ஒன்றும் பிரமாதமானதல்ல. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை, அதுவும் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே, உரிமம் உள்ள கழிவுநீர் லாரியை வரவழைத்து வண்டலை உறிஞ்சச் சொல்லிவிடலாம். குளித்த தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் முடிந்தவரை வாழைக்குத் திருப்பிவிடலாம். பினாயிலையும் ஆசிட்டையும் கொட்டினால் தொட்டியில் வேலை செய்யும் உயிர்கள்தான் சாகும். கழிப்பறையில் மூடி போட்ட ஒரு கூடை இருந்தால், குழந்தையின் நாப்கினும் மற்றதும் குழாய்க்குள் போகாது. வீட்டுக்கு வந்தவர்களிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்கிறார்கள். கூடை இருக்கிற இடத்தைக் காட்டுகிற ஒரு வார்த்தையில் மரியாதை குறைந்துவிடாது. "குளியலறை அந்தப் பக்கம்" என்று சொல்லும் வாயால் இதையும் சொல்லலாம். சொல்லக் கூசுவது விருந்தினருக்காக அல்ல; நம் வீட்டில் அப்படி ஓர் இடமே இல்லை என்று பாவனை செய்ய நாம் விரும்புகிறோம்.

இந்தப் பாவனைக்கு விலை உண்டு. அதைக் கொடுப்பவன் வேறு ஒருவன்.

திண்டிவனத்தில் என் அத்தை வீட்டில் ஒரு மாட்டுப் பொங்கலன்று நடந்ததைச் சொல்கிறேன். வீடு நிறைய ஜனம். பிற்பகலில் கழிப்பறையில் தண்ணீர் இறங்க மறுத்தது. சற்றைக்கெல்லாம் மேலே ஏற ஆரம்பித்தது. லாரிக்காரர்கள் யாரும் விடுமுறையில் வரச் சம்மதிக்கவில்லை. அப்போது தெருக்காரர் ஒருவர் உதவி செய்யும் நல்லெண்ணத்தோடுதான் வந்தார்.

"ஆள் இருக்கான் பெரியம்மா. ரெண்டாயிரம் சேர்த்துக் கொடுத்தா இப்பவே இறங்கி வாரிப் போட்டுடுவான்" என்றார்.

வீட்டில் பலருக்கு முகம் மலர்ந்தது. ஒருவர் பணத்தைக்கூட எடுத்துவிட்டார். அத்தைக்கு வயது எழுபதுக்கு மேல். படிப்பு அதிகம் கிடையாது. ஆனால் அவள்தான், "இன்னிக்கு அவன் வீட்டுலேயும் பொங்கல்தானே? நம்ம வீட்டு விருந்துக்கு அவன் குழியிலே இறங்கணுமா? வேண்டாம்ப்பா" என்றாள். பிறகு மகனைக் கூப்பிட்டு, பாதிப் பேரை விழுப்புரத்தில் இருக்கும் தன் மகள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள். நாற்பது கிலோ மீட்டர் தூரம். மாலைப் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் பக்கத்து வீடுகளில் சமாளித்துக்கொண்டார்கள். காணும் பொங்கல் கழிந்து, பட்டப்பகலில் லாரி வந்தது. சம்பந்தி வீட்டாருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். அத்தை அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்த ஆள் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். ஆனால் தொட்டியைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அதற்கு உண்டு; அளவு மிஞ்சினால் நாற்றத்தை அறியும் சக்தியையே அது மரக்கச் செய்துவிடும். "நாற்றம் போய்விட்டது" என்று எண்ணுகிற நேரம்தான் அபாயமான நேரம். முதலில் இறங்கியவன் விழ, அவனைத் தூக்க இறங்கியவனும் விழ, ஒரே குழியில் இரண்டு மூன்று பேராக மாண்ட செய்தியைப் பத்திரிகையில் நாம் பல முறை படித்திருக்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. பாதுகாப்பில்லாமல் ஒருவரைச் செப்டிக் டாங்கில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறக்கியவருக்குச் சிறைத்தண்டனையும் உண்டு. தனி வீட்டுக்காரருக்கும் அதில் விதிவிலக்கில்லை. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது, இறங்கச் சொல்கிற மனம் முழுவதும் மாறிவிடவில்லை. பரம்பரையாக ஒரு சில ஜாதியாரின் தலையில் சுமத்தி வைத்த வேலை இது. ஆகவேதான் பண்டிகை நாளில்கூட "ஆள் இருக்கான்" என்று அவ்வளவு சுலபமாக நம் வாயில் வருகிறது. அந்த "ஆளு"க்குப் பெயர் உண்டா என்று நாம் கேட்பதும் இல்லை.

1898-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் காந்திஜியின் வீட்டில் நடந்த சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும். அவரோடு தங்கியிருந்த குமாஸ்தாக்களின் அறைகளில் மூத்திரச் சட்டிகள் இருந்தன. அவற்றைச் சுத்தம் செய்ய வேலைக்காரரை வைக்காமல், தாமும் மனைவியுமே செய்வதென்று அவர் தீர்மானித்திருந்தார். பஞ்சம வகுப்பில் பிறந்த ஒருவரின் சட்டியை எடுக்கக் கஸ்தூரிபாய்க்கு மனம் ஒப்பவில்லை. கண்ணீரோடு எடுத்துக்கொண்டு படியிறங்கினார். முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என்று காந்திஜி கோபித்து, அவரை வாசற்கதவு வரை இழுத்துக்கொண்டு போனார். பின்னாளில் சுயசரிதத்தில் வெட்கத்தோடு அதை அவரே எழுதி வைத்தார்.

இதில் இரண்டு பேரிடமும் நமக்குப் பாடம் இருக்கிறது. ஒரு மனிதனின் பிறப்பைப் பார்த்து அருவருக்கும் வழக்கம் கஸ்தூரிபாயின் கையைத் தடுத்தது. அது தவறு என்று கண்ட காந்திஜியோ, தம்முடைய தர்மத்தை இன்னொருவர் கையால் நடத்திக்கொள்ள முனைந்தார். வீட்டுக்கு வந்தவர்களின் கழிவுக்கு வீட்டுக்காரனே பொறுப்பு என்ற அவருடைய எண்ணம் மிகவும் உயர்ந்தது. அந்தப் பொறுப்பை மனைவியின் மேல் பலவந்தமாக ஏற்றியபோது அதன் உயர்வு போய்விட்டது.

நாம் செய்வது அதைவிட ஒரு படி கீழே. பொறுப்பு என்ற நினைப்பே இல்லாமல் பிறர் மேல் ஏற்றிவிடுகிறோம். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே 18 மீட்டராவது, அதாவது அறுபது அடி, இருக்க வேண்டும் என்பார்கள். நாற்பதுக்கு அறுபது அடியில் ஒரு கிரவுண்டு மனை வாங்கியவருக்கு மனையின் நீளமே அவ்வளவுதான். ஆகவே என் குழி பொங்கி வழிந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் கிணறு கெடுகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று உரிமமில்லாத லாரியைக் கூப்பிட்டு, அவன் இரவில் ஏரிக்கரையில் திறந்து விட்டால், ஊரின் தண்ணீர் கெடுகிறது. விருந்தோம்பிய புண்ணியம் எனக்கு. அதன் செலவு முகம் தெரியாத யார் யாருக்கோ.

தானம் செய்பவன் தன் பணத்தைத்தான் கொடுக்க வேண்டும். அடுத்தவன் பெட்டியைத் திறந்து கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு. விருந்தும் அப்படித்தான். பத்துப் பேரை வீட்டுக்கு அழைக்கும் மனம், அந்தப் பத்துப் பேருக்காகத் தொட்டியின் மூடியை ஒரு மாதம் முன்பே திறந்து பார்க்கச் சொல்லும் மனமாகவும் இருக்க வேண்டும். இலை போடுவதைப் போல, பாய் விரிப்பதைப் போல, அதுவும் உபசாரத்தில் சேர்ந்தது. பொங்கல் செலவுச் சீட்டில் வெல்லத்துக்கும் கரும்புக்கும் கீழே லாரிக் கூலியையும் கூசாமல் ஒரு வரி எழுதி வையுங்கள். படித்துப் பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.