அளவுகோலும் மனித மாண்பும்

மனிதரின் அறிவை அளக்க முடியுமா? அளந்தபின், அந்த அளவைக் கொண்டு அவரை என்ன செய்யலாம்? முதல் வினாவுக்கு உளவியலார் விடை தேடட்டும். இரண்டாவது நம் அனைவருடைய மனச்சான்றுக்கும் உரியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் விளைந்த கொடுமைக்கு வரலாறு சான்று பகர்கிறது.

1904ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு, பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதில் இடம்பெற்ற ஆல்ஃபிரட் பினே, தியோடர் சீமோன் என்பவருடன் சேர்ந்து 1905இல் நுண்ணறிவுச் சோதனையொன்றை வகுத்தார். எக்குழந்தைக்குத் தனிக்கவனம் தேவை என்று அறிவதே அதன் நோக்கம். அறிவு பிறப்பிலேயே வரையறுக்கப்பட்டது, இனி வளராது என்ற கூற்றை பினே வன்மையாக மறுத்தார். பின்தங்கிய குழந்தைகளின் கவனத்தை வளர்க்கப் பயிற்சிகளையும் வகுத்துத் தந்தார். 1911இல் அவர் மறைந்தார்.

அச்சோதனை அமெரிக்கா சென்றடைந்தபோது அதன் வினாவே மாறிப்போயிற்று. "இக்குழந்தைக்கு என்ன உதவி தேவை?" என்று கேட்ட கருவி, "இவர் வாழையடி வாழையாகத் தழைக்கத் தகுந்தவரா?" என்று தீர்ப்பிடத் துணிந்தது. வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த கேரி பக் என்னும் இளம்பெண்ணுக்கு 9 வயதுச் சிறுமியின் மனவயதே உண்டெனக் கணித்தார்கள். அவருடைய தாயும் அறிவு குன்றியவர் என்று முத்திரை குத்தப்பட்டார். சில மாதக் குழந்தையான மகள் விவியனும் இயல்பானவளாகத் தோன்றவில்லை என்று சாட்சியம் சொல்லப்பட்டது. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மருள் எண்மர், கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய இசைந்தனர். இத்தகைய சட்டங்களால் 20ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் மகப்பேற்றை இழந்தோர் 60,000க்கும் மேற்பட்டவர்கள்.

விவியனோ பள்ளியில் நன்கு படித்தாள். 1931இல் சிறந்த மாணவர் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. மறு ஆண்டு, 8 வயதில், நோயுற்று இறந்தாள்.

அவளுடைய மதிப்பெண்ணைக் காட்டி, தீர்ப்பு தவறென்று மெய்ப்பிக்க நாமும் விரைகிறோம். சற்றே நின்று சிந்திப்போம். விவியன் படிப்பில் பின்தங்கியிருந்தால் அத்தீர்ப்பு நீதியாகியிருக்குமா? மதிப்பெண்ணை முன்வைத்து அவளுக்காக வாதாடும்போது, நாமும் அதே தராசையன்றோ கையில் ஏந்துகிறோம்! கணிப்பு முற்றிலும் சரியாக இருந்திருப்பினும் தீர்ப்பு அநீதியே. அறிவு மனிதரிடம் உள்ள ஒரு திறன். திறனைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்வதன்று மனித மாண்பு.

அப்படியாயின் அளப்பதே தவறா? அன்று. கற்றல் இடர்ப்பாடு உள்ள பிள்ளையை அளந்து அறியாவிடில், சோம்பேறி என்று ஏசி அடிப்போம். காய்ச்சலை அளக்கும் மருத்துவர் நோயாளியின் மதிப்பை அளப்பதில்லை. தம் கடமையையே அறிந்துகொள்கிறார். குறைந்த எண் ஒரு குழந்தைக்குரிய பங்கைக் குறைப்பதற்கன்று. அக்குழந்தைக்கு நாம் செய்யவேண்டிய கடனைக் கூட்டுவதற்கே.

பிள்ளையின் மதிப்பெண் அட்டை நம் கைக்கு வரும்போது நாம் கேட்பது பினேயின் வினாவா, அந்த நீதிமன்றத்தின் வினாவா? நம் முகத்தை நோக்கி நிற்கும் பிள்ளை, நாம் வாய் திறப்பதற்கு முன்பே அதை அறிந்துகொள்ளும்.