மலை வரையாடும் கடல் திருக்கையும்



மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான பாறைகளில் வாழ்வது வரையாடு. சங்கப் புலவர்கள் வருடை என்று பாடிய விலங்கு இதுவே என்பர். பகை கண்டால் சீழ்க்கை ஒலி எழுப்பித் தன் இனத்தை எச்சரிக்கும். பிற விலங்குகள் கால்வைக்க அஞ்சும் பாறை விளிம்பை அடைந்து உயிர் காத்துக்கொள்ளும்.

மன்னார் வளைகுடாவில் வாழ்வது புள்ளிக் கழுகுத் திருக்கை. கரிய முதுகில் வெண்புள்ளிகள். இரு பக்கமும் சிறகுபோல் அகன்ற துடுப்புகள். அது நீந்துங்கால் கடலுள் ஒரு கழுகு பறப்பதாகவே தோன்றும். அதன் வாலடியில் உள்ள நச்சுமுள் தற்காப்புக்கே உரியது. இரை கொல்லும் கருவி அன்று.

ஒன்று புல் மேய்வது; மற்றொன்று சிப்பி உடைத்து உண்பது. இவற்றிடையே ஒப்புமை ஏது?

"ஆடு குட்டி போடும்; மீன் முட்டையிடும்" என்றே நெடுங்காலம் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தேன். ஓய்வு பெற்ற பின்னரே என் பிழையை உணர்ந்தேன். திருக்கையின் கரு தாய்வயிற்றிலேயே வளர்கிறது. மஞ்சள்கரு தீர்ந்தபின், கருப்பையில் சுரக்கும் பால்போன்ற நீர்மமே அதற்கு உணவு. வரையாடு பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனும். திருக்கையும் ஒருசில குட்டிகளே ஈனும். ஆதலின் வேட்டையாலோ வலையாலோ ஒரு தாய் மடியின், அவ்விழப்பு எளிதில் ஈடாவதில்லை.

நம் ஆகமங்கள் ஐம்பொறி விலங்குகளை நீர்வாழ்வன, நிலவாழ்வன, வானில் திரிவன எனப் பகுத்தன. அது வாழிடத்தால் வந்த பகுப்பேயன்றி, உயிரின் மதிப்பால் வந்ததன்று. நாமோ அதற்குள் மேல் கீழ் கற்பித்துக்கொண்டோம். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் வரையாடுகள் 1,031 மட்டுமே எனக் கேட்டுக் கவலையுறுகிறோம், அது நன்றே. ஆனால் வலையில் சிக்கிய திருக்கை கரையில் துடிப்பதைக் கண்டால், "மீன்தானே" என்று கடந்துவிடுகிறோம். நாம் மீன் உண்பதில்லை. அதனாலேயே நம் கடன் தீர்ந்தது எனவும் எண்ணுகிறோம்.

ஆட்டின் கதறல் நம் செவிக்கு எட்டுகிறது; திருக்கையின் துயரம் எட்டுவதில்லை. கேட்கும் துன்பத்திற்கு மட்டும் இரங்குவது அருளாகாது. அது செவியின் பழக்கமே. கேளாத துன்பத்தையும் அறிவால் உணர்ந்து இரங்குவதே கொல்லாமை நோன்பின் நிறைவு.

தாய்மார்களே, ஆசிரியர்களே! உண்ணாமையோடு நில்லாது, "மீன்தானே" என்னும் சொல்லையும் நம் இல்லங்களிலிருந்து நீக்குவோம். குழந்தை கேட்டால், "அதுவும் குட்டியைத் தன் வயிற்றில் வளர்த்து ஈனும் தாய்" என்று சொல்லிக்கொடுப்போம்.