டீசன்டான குடும்பம்

"மாப்பிள்ளை நல்ல பர்சனாலிட்டி" என்று ஒரு அத்தை சொன்னால், அவன் கோபக்காரனா, பொறுமைசாலியா என்பது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆள் உயரமா, வாட்டசாட்டமா இருக்கான், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஒருவரின் குணத்தைக் குறிக்கும். 'டீசன்ட்' அங்கே பண்பு. இங்கே இஸ்திரி போட்ட சட்டை. 'ஃபேர்' அங்கே நிறமாகவும் இருக்கும், நியாயமாகவும் இருக்கும். நம் கல்யாண விளம்பரங்களில் நிறம் மட்டும்தான்.

நாம் தப்பாகப் பேசுகிறோம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தச் சொற்களின் பூர்வீகம் வேறு. பர்சனாலிட்டியின் வேரான 'பெர்சோனா' லத்தீனில் நாடக நடிகர் அணியும் முகமூடி. டீசன்டின் வேருக்குப் 'பொருத்தமாக இருப்பது' என்று பொருள். ஃபேர் பழைய ஆங்கிலத்தில் வெறும் அழகு. நியாயமும் வெளிர்நிறமும் பின்னால் ஏறிக்கொண்டவை. மூன்றும் வெளியே பிறந்து, பல நூற்றாண்டுகள் நடந்து, மனிதருக்குள் போனவை. நாம் அவற்றைத் திரும்பவும் வாசலுக்கே கூட்டிவந்துவிட்டோம்.

அதில் குற்றமில்லை. கடன் வாங்கிய சொல்லை எந்த மொழியும் தன் இஷ்டத்துக்குத்தான் வைத்துக்கொள்ளும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உள்ளே போய் வந்த சொல், தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டது. பார்ப்பது சட்டையை; மதிப்பெண் போடுவது மனிதருக்கு. 1975இல் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'கிளோ அண்ட் லவ்லி' ஆனது. "மாநிறம்தான், ஆனா களையா இருக்கா" என்ற வாக்கியத்தில் இருக்கிற அந்த 'ஆனா' மட்டும் இன்னும் போகவில்லை.

சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகை வீடு தேடினால் இந்த அதிகாரம் கண்ணுக்குத் தெரியும். மறைமலைநகரிலும் ஒரகடத்திலும் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் வீடு தேடும் ஊர் இது. என் நண்பனுக்காக நானும் கூடப் போனேன். வீட்டுக்காரர் மோர் கொடுத்து நன்றாகத்தான் பேசினார். சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டார். சாயங்காலம் புரோக்கர் போன் பண்ணினார்: "ஓனர் டீசன்ட் ஃபேமிலியா பாக்குறாரு தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க."

அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'உங்களுடையது கண்ணியமான குடும்பம் இல்லை.' மோர் கொடுத்த மனிதருக்கு அதைச் சொல்ல நா எழாது. ஜாதி என்ன என்று நேராகக் கேட்கவும் கூச்சம். அந்தக் கூச்சத்தை டீசன்ட் என்ற சொல் அவருக்குத் தீர்த்துவைக்கிறது. சொன்னவருக்கும் சுடாது, கேட்டவரும் சண்டை போட முடியாது.

இங்கிருந்து சென்னைப் பக்கம் அடுத்த ரயில் நிலையமே மறைமலைநகர்தான். வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டு, 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவரின் பெயர் தாங்கிய ஊர். அவர் வழியில் ஆங்கிலத்தை அகற்றிவிட்டால் இது தீருமா? தீராது என்றே நினைக்கிறேன். நாலு வருடத்தில் 'கண்ணியம்' என்ற சொல்லுக்கும் இஸ்திரி போட்டுவிடுவோம். ஆனால் நாம் என்ன சொல்கிறோம் என்று நம் காதிலேயே விழ, ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்ப்பது உதவும்.

வெளியே பார்க்காதே, உள்ளே பார் என்று முடிப்பது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தமிழில் 'தோற்றம்' என்றால் பார்வைக்குத் தெரிவது, பிறப்பும் அதுதான். அது பொய் என்று சொல்ல 'பொய்த்தோற்றம்' என்று முன்னால் ஒரு சொல் சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்த ஊர்க் குடைவரைக் கோவிலில் கருவறையைக் குன்றிலேயே குடைந்திருக்கிறார்கள். நரசிம்மரைச் சுற்ற வேண்டுமானால் குன்றைத்தான் சுற்ற வேண்டும். வெளியே தெரிகிற பாறைதான் கருவறைச் சுவரும்.

சங்கப் புலவர்கள் 'புறம்' என்று பிரித்ததும் தோலையோ உடையையோ அல்ல. கொடை, வீரம், ஊரார் அறிய ஒருவன் செய்தது, செய்யத் தவறியது: அதுதான் புறம். ஒருவரை வெளியிலிருந்து எடைபோடுவது தவிர்க்க முடியாதது என்றால், இந்த வெளியை எடைபோடலாம்.

முன்பின் தெரியாதவருக்கு வீட்டைக் கொடுப்பவரின் பயம் நியாயமானது. அவர் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. முந்தைய வீட்டில் எத்தனை வருடம் இருந்தீர்கள், வாடகை தேதிக்கு வந்ததா, காலி பண்ணும்போது வீடு எப்படி இருந்தது? என் நண்பனிடம் இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தது. யாரும் கேட்கவில்லை.