கோழி என்ன ஆயிற்று?

பட்டினப்பாலையைப் பயின்றோர் அந்தக் காட்சியை அறிவர். காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரைப் பாக்கம். முற்றத்திலே உணவுப் பொருள் உலர்கிறது. காவலுக்கு மங்கை ஒருத்தி. கொத்தித் தின்னக் கோழி வருகிறது. கல்லைத் தேடினாளில்லை காரிகை. காதிலே கிடந்த கனத்த குழையைக் கழற்றி வீசுகிறாள். வீசிய குழை வழியிலே கிடந்து, சிறுவர் உருட்டிவரும் மூன்றுருளைச் சிறுதேரைத் தடுக்கிறது. என்னே செல்வம், என்னே செழிப்பு என்று மேடைதோறும் புலவர்கள் வியந்துரைக்கக் கேட்டிருக்கிறோம். நாமும் வியந்து பேசியிருக்கிறோம். குழை என்ன ஆயிற்று என்பதைப் பாட்டுச் சொல்கிறது. தேர் என்ன ஆயிற்று என்பதையும் சொல்கிறது. கோழி என்ன ஆயிற்று? நாம் கேட்டதில்லை — தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளத்தை ஒட்டிய குடிசை ஒன்றின் முற்றத்திலே ஒரு மூதாட்டியைக் காணும் வரையில்!

ஐப்பசி மழை இறங்கிவிட்ட நேரம். உப்பளங்களிலே வேலை நின்றுவிட்டது. மூதாட்டியின் மடியிலே ஒரு கோழி. நாய் கவ்விக் குதறிய கோழி. தொடைச் சதை கிழிந்து தொங்குகிறது. ஒரு கால் முறிந்திருக்கிறது. வெந்நீரை ஆறவைத்து, உப்பிட்டு, துணியை நனைத்து நனைத்துப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலியோரம் நின்ற இளைஞனொருவன் சிரித்தபடி சொன்னான்: "அடிச்சுக் கொழம்பு வச்சிரலாம்லா, பாட்டி? இதுக்குப் போயி மெனக்கெடுதியளே!"

மூதாட்டி மறுமொழி கூறவில்லை. ஆனால் இளைஞனின் கேள்வி எளிய கேள்வியன்று. ஒருநாள் அறுத்து உண்ணப்போகும் உயிருக்கு இன்று எதற்கு மருந்து? நாளை கத்தி வைக்கப்போகும் கழுத்தை இன்று எதற்காகத் தடவிக் கொடுப்பது? இது அன்பா, ஏமாற்றா? நாம் புலால் உண்பவர்கள். அதை மறைத்து அருள் பேச முற்படவில்லை. ஆகவே இக்கேள்வி நம்மை நோக்கியும் வீசப்பட்டதாகவே கொண்டோம்.

முதலில் விலையைப் பேசுவோம். உலகம் அதைத்தானே முதலில் பேசுகிறது! மாட்டுக்கு நோயென்றால் மருத்துவரிடம் ஓடுகிறார்கள். கோழிக்கு நோயென்றால்? போக வர ஆகும் பேருந்துக் கட்டணத்தையும் மருந்துச் செலவையும் கூட்டிப் பார்த்தால் கோழியின் விலையைத் தொட்டுவிடும். ஆகவே விட்டுவிடுகிறார்கள். விலை குறைந்த உடம்புக்கு வலியும் குறைவு என்று எண்ணுகிற பழக்கம் இது. இந்தக் கடற்கரைக்கு அப்பழக்கம் புதிதன்று. முத்துக் குளித்த காலத்திலே சிப்பிகளை மலைபோல் குவித்து அழுகவிடுவார்கள்; சதை அழுகிக் கரைந்தபின் அலசி முத்தைப் பொறுக்குவார்கள். ஒரு நல்முத்துக்காக எண்ணற்ற சிப்பிகள் வெயிலிலே நாறின. 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றது. உள்ளே இருப்பதன் விலையைக் கொண்டு உயிரை எடைபோடும் கண் மட்டும் நிற்கவில்லை. அந்தக் கண் கோழியோடு நிற்பதுமில்லை; மூச்சடக்கிக் கடலடியில் இறங்கியவனையும், கண் கூசும் உப்பின் நடுவே கால் வெடிக்க நிற்கும் பெண்ணையும் அது அப்படித்தான் எடைபோட்டது.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் போற்றுகிறோம். போற்றத் தக்கவனே! ஆயினும் மயிலுக்குப் போர்வை வேண்டியிருந்ததா? தோகை இருந்தது, அழகு இருந்தது, பாடப் புலவரும் இருந்தனர். புழுதியில் கிளறித் திரியும் பெட்டைக்கோழிக்கு ஒரு முழத் துணி ஈந்த கைக்கு வள்ளல் பட்டம் இல்லை.

அந்த முழத்துணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அருள் என்பது உருக்கம் மட்டுமன்று; அறிவும்கூட. அடிபட்ட கோழி கூவி அழாது, மூலையிலே ஒடுங்கும். இரத்தச் சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் அதையே கொத்தும், கொத்திக் கொன்றேவிடும். ஆகவே முதல் மருந்து தனிமை. மூதாட்டி அதைப் பஞ்சாரத்தின் கீழ் வைத்து மேலே சாக்கைப் போட்டு இருட்டாக்கினார். இருட்டிலே பறவை அமைதி கொள்ளும். புண்ணைச் சுற்றியிருந்த இறகுகளைக் கத்தரித்தார். ஈ மொய்த்து முட்டையிட்டால் ஓரிரு நாளிலே புழு வைத்துவிடும் என்பதால் வேப்பெண்ணெயிலே மஞ்சளைக் குழைத்துத் தடவினார். முறிந்த காலுக்கு, துணி சுற்றிய மூங்கில் சிம்புகளை இருபுறமும் வைத்துக் கட்டினார். கட்டு இறுகினால் பாதம் வீங்கும். எனவே நாள்தோறும் பார்த்தாக வேண்டும். பறவையின் எலும்பு விரைந்து கூடும். ஏறக்குறைய மூன்று வாரம் போதும். இரக்கத்தால் பலர் செய்யும் பிழையொன்றையும் அவர் செய்யவில்லை: அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றவில்லை. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது. ஊற்றிய நீர் அதில் இறங்கினால் கோழி மூச்சடைத்துச் சாகும். கொட்டாங்கச்சியில் நீரை வைத்து, அலகு நுனியை நனைத்துவிட்டுக் காத்திருந்தார். ஆனாலும் நாய்க்கடி ஆழமானது. உள்ளே சீழ் கட்டக்கூடும். கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னோம். மறுநாள் கொண்டு போனார். மருந்து கொடுத்த நாட்களில் இடும் முட்டையை மருத்துவர் சொல்லும் காலம்வரை உண்ணலாகாது என்பதையும் அங்கேதான் அறிந்துகொண்டார்.

திருநீறு பூசச் சொன்னவர்களும் இருந்தார்கள்; நேர்ந்துகொள்ளச் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களை மூதாட்டி கேட்கவில்லை. மஞ்சளை நம்பினார். மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் ஆற்றல் உண்டென்பது ஆய்வுக்கூடத்திலும் கண்டறியப்பட்டது. பாட்டி சொன்னதாலேயே தள்ளுவதும் பகுத்தறிவன்று. பாட்டி சொன்னதாலேயே கொள்ளுவதும் பகுத்தறிவன்று. வெள்ளைக் கழிச்சல் வந்து ஊர்க் கோழிகளெல்லாம் ஒருசேரச் சாய்ந்தபோது தெய்வக் குற்றம் என்றார்கள். மீதமிருந்த கோழிகளைக் காக்க ஒரு கோழியைப் பலியிட்டார்கள்! அது இராணிக்கேட் நோய், நச்சுயிரி தருவது. இன்று தடுப்பூசி இருக்கிறது. கால்நடைப் பராமரிப்புத் துறை முகாம் நடத்திப் போடுகிறது.

பலியைப் பற்றி வந்துவிட்டோம். சென்னை மாநிலத்திலே 1950-இல் ஒரு சட்டம் செய்தார்கள்: கோயில்களில் ஆடு கோழி பலியிடலாகாது. அரை நூற்றாண்டு அது ஏட்டிலே உறங்கிற்று. 2003-இல் திடீரென எழுப்பினார்கள், சிற்றூர்த் தெய்வங்களை வணங்கும் எளிய மக்கள்மீது பாய்ந்தது, 2004-இல் நீக்கினார்கள். பலியை நாம் ஆதரிப்பவரல்லர். ஆயினும் அந்தச் சட்டம் கோழியின் வலியைக் கேட்டதா? இல்லை, கொல்லும் இடத்தைத்தான் கேட்டது! அதே கோழியைக் காலைக் கட்டித் தலைகீழாக மிதிவண்டியில் தொங்கவிட்டு நான்கு கல் தொலைவு கொண்டுபோனால்? அதற்கும் சட்டம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், தேவையற்ற துன்பம் தரும் வகையில் உயிர்களைக் கொண்டுசெல்வதைக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்குத் தண்டம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல்! அறுபதாண்டுக்கு மேலாயிற்று, அந்தத் தொகை அப்படியே நிற்கிறது.

"மனிதன் பட்டினி கிடக்கையில் கோழிக்கு மருத்துவமா?" என்று சீறுவோர் உண்டு. யார் சீறுகிறார்கள் என்று பார்த்திருக்கிறோம். பட்டினியை அறிந்தவர் அல்லர். அந்த மூதாட்டியைவிடப் பட்டினியை அறிந்தவர் யார்? மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. அந்நாட்களிலே குடிசையில் புழங்கும் காசு முட்டை விற்ற காசு. ஆண்மகன் கைக்குப் போகாமல் பெண்ணின் முந்தானையிலேயே முடியப்படும் காசு. கோழியைக் காப்பது அவருக்குப் பிழைப்புந்தான். அதனால் அருளுக்குக் குறை வந்துவிடுமா? பயன் கருதாத அருளே அருள் என்று முழங்குவது வயிறு நிறைந்தவனுக்கு எளிது.

இனி இளைஞனின் கேள்விக்கு வருவோம். அறுக்கும் உரிமை வேறு, துடிக்கவிடும் உரிமை வேறு. முன்னதை நாம் எடுத்துக்கொண்டோம். சரியா தவறா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை, முடிந்ததுபோல் நடிக்கவும் மாட்டோம். பின்னதை நமக்கு எந்த வாதமும் வழங்கவில்லை. கூட்டிலடைத்து, பறந்து தப்பும் வாழ்வை மறக்கச்செய்து, நம் முற்றத்தையே உலகமாக்கிவிட்டோம். அந்த முற்றத்திலே நாய் கடித்தால் அது யாரிடம் போகும்? பிழைக்க வழியில்லாத காயமென்றால் ஒரே நொடியில் முடித்துவிடுவதே கடமை. கொல்ல மனம் வரவில்லை என்று சொல்லி இரண்டு நாள் துடிக்கவிட்டு விலகி நிற்பவரையும் கண்டிருக்கிறோம். அதை நாம் அருள் என்று அழைக்கமாட்டோம், கோழைத்தனம் என்போம்.

கார்த்திகை பிறந்தபின் மீண்டும் அவ்வழியே போக நேர்ந்தது. கட்டை அவிழ்த்திருந்தார்கள். கோழி நடந்தது, சற்றே நொண்டிற்று. நாம் துணிந்து கேட்டோம்: "கிறித்துமசுக்கு இதை அறுத்திருவீங்களா, பாட்டி?"

அவர் நம்மை நிமிர்ந்து பார்த்தார். "அது அப்பம் பாத்துக்கிடலாம்யா," என்றார். "இப்பம் அதுக்குத் தண்ணி காட்டணும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஆளப் பாத்தா மெரளும்."