திரையும் திண்ணையும்

இரவு 11 மணி. ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து வீடு திரும்புகிறார் தந்தை. அவர் சட்டைப்பையில் அந்த வீட்டின் ஒரே கைப்பேசி. காலையில் நாம் அனுப்பிய பாடம் அதனுள்ளே உறங்குகிறது. பாடத்துக்காகக் காத்திருந்த மகளோ பாயிலே உறங்குகிறாள். எதை எழுப்புவது? யாரை எழுப்புவது?

தோழர்களே! கற்பனையன்று இது. 2021-ஆம் ஆண்டில், தண்டலத்தில், ஒரு தந்தை நம்மிடம் சொல்லி வருந்தியது.

2020 மார்ச்சில் கொரோனா பள்ளிக் கதவுகளை மூடிற்று. உலகெங்கும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர் வகுப்பறையை இழந்தனர் என்று கணக்கிட்டது யுனெஸ்கோ. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். இடைப்பட்ட நாளில், கலைக்கல்லூரிப் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றுப் பணிக்குப் புதிதாய் வந்த நாம், இணையத்தின் வழியே பாடம் நடத்தக் கற்கப் புகுந்தோம். புத்தக அடுக்கின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பதிவு செய்தோம். முதற் பதிவில் நம் தலை இருந்தது, கரும்பலகை இல்லை. இரண்டாம் பதிவில் கரும்பலகை இருந்தது, ஒலி இல்லை! ஒலியைத் திறக்கும் வழியை நமக்குக் கற்பித்தவள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி. முதலில் வெட்கினோம், பிறகு, வெட்கியதற்காக வெட்கினோம்.

மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டார்: “தம்பி, சுண்ணக்கட்டியாலே எழுதி எத்தனையோ பேரை ஆளாக்கினோம். இந்தக் கண்ணாடிப் பலகை எதற்கு?”

அன்பான கேள்விதான். ஆயினும், சுண்ணக்கட்டி மட்டும் வானத்திலிருந்தா வந்தது? மணலில் விரலால் எழுதிய காலம் போய் ஓலை வந்தது. ஓலை போய் அச்சுப் புத்தகம் வந்தது. எழுத்தும் ஒரு கருவியே. அந்தக் கருவியையே திருத்தலாம், அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிதாக்கலாம் என்று 1935-இல் குடிஅரசு ஏட்டில் செய்து காட்டினார் பெரியார். 1978-இல் தமிழ்நாடு அரசு அச்சீர்திருத்தத்தை ஏற்றது. எழுத்தையே மாற்றத் துணிந்த நாட்டில், பலகையை மாற்ற அஞ்சுவதா? ‘ஏன், எப்படி’ என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியன், தான் கற்பதை நிறுத்திக்கொண்டால், அவன் சொல்லும் பகுத்தறிவு ஏட்டுச் சுரைக்காய்.

ஆனால், கருவியை வெறுப்பது மடமையென்றால், கருவியை வணங்குவதும் மடமையே. அந்த மடமையில் நாமே வீழ்ந்தோம். பாடத்தை அனுப்பினோம், வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறிகள் தோன்றின, ‘கற்பித்துவிட்டோம்’ என்று மகிழ்ந்தோம்! குறி தோன்றிய வீடுகளை எண்ணினோமே தவிர, தோன்றாத வீடுகளை எண்ணினோமில்லை.

பள்ளி திறந்தது. மூன்றாம் வகுப்பில் வந்தமர்ந்தாள், அன்று பாயிலே உறங்கிய அந்தச் சிறுமி. 2019 சூனில் முதல் வகுப்பிற் சேர்ந்தவள். அந்த ஆண்டு முடியுமுன் கதவு மூடியது. இரண்டாம் வகுப்பு அறையை அவள் கண்டதேயில்லை. ‘அம்மா’ என எழுதச் சொன்னோம். ‘அ’ எழுதி நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நம் நீலக் குறிகளில் பதிலில்லை.

இந்த வட்டாரத்தின் முரணை எண்ணிப் பாருங்கள்! 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசிகள் செய்யப்பட்டன. இன்று சுங்குவார்சத்திரத்தில் ஐபோன்கள் உருவாகின்றன. உலகுக்குக் கைப்பேசி வழங்கும் மண்ணில், ஒரு சிறுமி பகல் முழுதும் ஒரு கைப்பேசிக்காகக் காத்திருந்தாள்.

அந்நாளில் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. பெண் குழந்தைக்கோ பெரும்பாலும் இல்லை. கூரையின்கீழ் உட்கார உரிமையற்றோர் தெருவிலே நின்றனர். திரை வந்த பிறகு எவரும் நம்மைக் கேட்டுத் தடுக்கவில்லை. வறுமையே வாயிற்காவலனாய் நின்றது. எவரையும் விலக்க நாம் எண்ணவில்லை, உண்மை. ஆனால் விலக்கப்பட்ட பிள்ளைக்கு நம் எண்ணத்தால் என்ன பயன்? திரையைப் புதிய திண்ணையாக விடுவதா என்பதே ஆசிரியன் முன் நிற்கும் அறக்கேள்வி.

விடையும் கண்முன்னே கிடைத்தது. 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிற்று. தெருவுக்குத் தெரு தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாலைதோறும் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தனர். 2022 சூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அந்தச் சிறுமி எழுத்துக் கூட்டப் பழகியது திரையிலன்று. பக்கத்து வீட்டு அக்காவின் அருகிலே. அதற்குப் பின்னரே, நாம் பதிவு செய்த பாடல் அவளுக்குப் பயன்பட்டது. திரும்பத் திரும்பக் கேட்டாள், தானே படித்தாள். மனிதக் கை முதலில் நீண்டது. கருவி அந்தக் கைக்கு வலுவூட்டியது.

இன்று மணற்கேணிச் செயலி வந்துவிட்டது. பாடநூலின் க்யூஆர் குறியீட்டைக் காட்டினால் பாடம் பேசுகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழில் தேடி வந்தோரின் பிள்ளைகளும் நம் பகுதிப் பள்ளிகளில் அமர்கின்றனர். ழகரத்தை நாம் பத்துமுறை சொன்னால் களைப்போம். கருவி நூறுமுறை சொல்லும். ஆனால் பதினோராம் முறை கேட்கக் கூச்சப்படும் பிள்ளையைக் கண்டுகொள்ளும் கண், கருவிக்கில்லை, நமக்குண்டு.

ஆகவே, இளைஞரே, ஆசிரியத் தோழரே! கருவியைக் கற்போம், சிறுவரிடமிருந்தாயினும் கற்போம். ஆனால் ஒவ்வொரு மாலையும், ‘எத்தனை பேர் பார்த்தனர்?’ என்று கேட்குமுன், ‘யார் பார்க்கவில்லை?’ என்று கேட்போம். அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டு, அந்தக் கதவுகளைத் தட்டுவோம். திரை ஒளிரட்டும், அந்த ஒளி, பாயிலே உறங்கும் கடைசிப் பிள்ளையின் முகத்திலும் விழட்டும்!