நோட்டை விற்கும் முன் வரவு எழுதுங்கள்

அண்ணாச்சி, மகள் கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ, அவசரம் உங்களுடையது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடம் முன்பு திருத்தங்கல் பக்கம் பிளாட் ஒன்றை விற்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் பட்டாசு ஆலைத் தொழிலாளி. பாதிப் பணம் கொடுத்தார்; மீதி 4 லட்சத்துக்குப் புரோநோட்டும், அந்த பிளாட்டின் மேலேயே அடமானமும் எழுதித் தந்தார். மாதாமாதம் கட்டுகிறார். இப்போது ஒரு பைனான்ஸ்காரர் வந்து, "அதை எனக்கு மேடோவர் பண்ணிக் குடுங்க, இன்னைக்கே ரொக்கம்" என்கிறார். அப்படி நோட்டை அவர் பெயருக்கு மாற்றி விற்கச் சட்டத்தில் தடை இல்லை. எப்படி விற்கிறீர்கள் என்பதில்தான் பாவமும் புண்ணியமும் இருக்கிறது.

நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கம் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அவர் கையெழுத்து இருக்கிறது. பின்பக்கம்? வெற்றுத்தாள். அவர் கட்டிய 1 லட்சத்து 30 ஆயிரமும் உங்கள் வீட்டுக் காலண்டரில் பென்சிலால் குறித்ததோடு நின்றுவிட்டது. இந்த நிலையில் நோட்டைக் கைமாற்றினால், நீங்கள் விற்பது 2 லட்சத்து 70 ஆயிரம் பாக்கியை அல்ல, 4 லட்சம் கடனை. கட்டிய பணத்தைக் கட்டினேன் என்று நிரூபிக்க அந்த மனிதர் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டும். இதற்குத் திருட்டு என்றுதான் பெயர். வேறு மரியாதையான பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இன்றே அவரைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு வரவையும் தேதியோடு பின்பக்கம் எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். இதில் உங்களுக்கும் ஆதாயம் உண்டு. புரோநோட்டின் மேல் வழக்குப் போடக் கெடு 3 ஆண்டு. கெடுவுக்குள் கட்டி, கடனாளி கையெழுத்திட்ட வரவு இருந்தால், கட்டிய நாளிலிருந்து கெடு புதிதாக ஓடும்.

கூப்பிட்டதோடு இன்னொன்றும் கேளுங்கள். 2 லட்சத்து 70 ஆயிரம் பாக்கிக்கு பைனான்ஸ்காரர் 2 லட்சம்தான் தருவார். அந்த 70 ஆயிரம் தள்ளுபடியை முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கத் துணிந்த நீங்கள், இத்தனை நாள் நாணயமாகக் கட்டியவரிடம் முதலில் சொன்னீர்களா? "2 லட்சம் புரட்டினால் கணக்கை முடித்துக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பாருங்கள். போனஸ், சீட்டுப்பணம், மனைவியின் நகை, மச்சான் கைமாற்று என்று எப்படியாவது திரட்டிவிடுவார். முடியாமலும் போகலாம்; அப்போது வெளியில் விற்றால் யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

தவணை ஒன்றிரண்டு தவறியதே என்று கோபப்படாதீர்கள். மழை பிடித்தால் பட்டாசு மருந்து காயாது, வேலை கிடையாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை விதித்த பின் சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை மறந்துவிட்டோமா?

வாங்குகிறவர் யார் என்பதும் உங்கள் பொறுப்பே. மீட்டர் வட்டிக்காரர் கையில் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு, பிறகு நடப்பது எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூடாது. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலிக் குடும்பமே தீயில் கருகியது. இரண்டு பிள்ளைகள் அதில் உண்டு. கந்துவட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் 3 ஆண்டு வரை சிறை என்று தமிழ்நாட்டில் 2003 முதலே சட்டம் இருந்தும் நடந்தது இது.

அடமானத்தை மாற்றுவதானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே மாற்றுங்கள். கடனாளிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இத்தகைய நோட்டுகளை வாங்கி விற்பதே ஒரு தொழிலாக நடக்கும் அமெரிக்காவில்கூட, வீட்டுக் கடனை வாங்கும் நிறுவனம் 30 நாளுக்குள் கடனாளிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று 2009 முதல் விதி. இங்கே நம் ஆள் பாதித் தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார். தொகை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்த தாள் ஏதும் உங்கள் பீரோவில் இருந்தால், அதை விற்காதீர்கள். அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

ஏற்கெனவே விற்றுவிட்டவர்களும் சும்மா இருக்க வேண்டாம். வாங்கிய தொகைகளைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு, கட்டியவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். கெடு முடியப் போகும் நோட்டைத்தான் பைனான்ஸ்காரர் முதலில் வக்கீலிடம் எடுத்துப் போவார்.